லேபிள் சாரும் அறுந்த நூலும்

திண்டுக்கல் வட்டாரத்தில் லேபிள் சாரிடமிருந்து தப்பிய பொருள் எதுவும் கிடையாது. பெரிய ஊர் மியூசியங்களில் வேலை பார்த்துவிட்டு வந்து, வேடசந்தூர் ரோட்டில் மூடிக்கிடந்த பஞ்சு குடோனில் நவீனக் கலை மியூசியம் ஆரம்பித்தவர். அவர் டைரக்டர், நான் கிளார்க்.

முதல் வாரமே ஒரு விவசாயி தண்ணீர் டிரம்மை அரை மணி நேரம் சுற்றிப் பார்த்து, "ரொம்ப அருமைங்க" என்று கும்பிட்டுப் போனார். அன்றே டிரம், மின்விசிறி, விளக்குமாறு எல்லாவற்றிலும் 'இது கலை அல்ல' என்று லேபிள் ஏறியது. மறுநாள் என் சட்டைப் பை மேலும் ஒன்று ஒட்டியிருந்தது.

குடோன்காரர் ஒரு வருடம்தான் கெடு கொடுத்திருந்தார். கூட்டம் வராவிட்டால் அது கல்யாண மண்டபம். சாரோ மில் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்று, "செத்த நேரம் பாத்துட்டுப் போங்கப்பு, உள்ள ஃபேன் ஓடுது" என்று கெஞ்சுவார்.

அப்படி வந்தவர்தான் பஞ்சவர்ணம். நூல் மில்லில் இருபது வருடமாக அறுந்த இழைகளை ஒட்டுகிறவர். அப்போது எங்கள் ஹாலில் கூரையிலிருந்து தரைவரை வெள்ளை நூல்கள் கட்டியிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் அறுந்து தொங்கும். அதைச் செய்த சென்னைக் கலைஞருக்கு அந்த அறுந்த நூல்தான் விஷயமே. பஞ்சவர்ணம் தடுப்புக் கயிற்றுக்கு அடியில் புகுந்து அதை ஒட்டிவிட்டார்.

"என்னம்மா பண்ணிட்ட!" என்று நான் அலறினேன்.

"அறுந்து தொங்குனா கை சும்மா இருக்குமா சார்?"

நூல் பக்கத்தில் மூச்சு விட்டாலே கத்துகிற சார், சத்தமில்லாமல் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். ஒட்டிய இடமே தெரியவில்லை. சென்னைக்குப் போன் போட்டார். "மறுபடி வெட்டி விடுங்க. இல்லைன்னா எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார் கலைஞர். ஹால் காலியானால் மண்டபம்தான். நான் பதறிப்போய் கத்தரிக்கோலை நீட்டினேன்.

"ஏலே, இருபது வருசத்துக் கை அது. என்னால வெட்ட முடியாது" என்றார் சார்.

இரண்டாம் நாள் அந்தச் சென்னைக் கலைஞரே ரயிலேறி வந்து நூலை வெட்டினார். சார் சொல்லி வரவழைத்திருந்த பஞ்சவர்ணம் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டினார். மறுபடி வெட்டு, மறுபடி ஒட்டு. ஐந்தாவது தடவை கலைஞர் சிரித்துக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இவங்க பேரையும் போட்டுடுங்க சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லேபிளில் தன் பெயரைக் காட்ட பஞ்சவர்ணம் ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டி வந்தார். மணமேடைக்கு அளவெடுக்க டேப்போடு வந்த குடோன்காரர் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. வெளியே வந்து, "இன்னொரு வருசம் நடத்துங்க" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

என் சட்டையில் ஒட்டிய 'இது கலை அல்ல' லேபிளை இன்னும் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் யார் மேல் வேண்டுமானாலும் அதை ஒட்டுவேன். லேபிள் சார் மேல் ஒட்ட மட்டும் எனக்கு மனசு வராது.