காலிப் பொந்தில் குடியிருந்த வேணி

ஒரு காட்டில் பொழுது புலர்வதற்குள் அங்கங்கே 'கீங்' என்று சத்தம் கேட்கும். யாரோ பொந்தைவிட்டு வெளியே வருகிறார்கள் என்று அர்த்தம். மரங்கொத்தி எல்லா வாசலிலும் சென்சார் பொருத்தியிருந்தது. அது இப்போது பொந்து விற்பதில்லை, வாடகைச் சேவைதான். இருக்கிற பொந்தையே எல்லாரும் மாற்றி மாற்றிப் புழங்கினால் காடு பிழைக்குமாம்.

ஒரு வாசலில் மட்டும் சத்தமே இல்லை. உள்ளே வேணி என்கிற இருவாச்சிப் பறவை தன் குஞ்சுகளோடு இருந்தாள். இருவாச்சி வழக்கப்படி வாசலைப் பூசி மூடி, அலகு நுழைய ஒரு கீற்று மட்டும் விட்டிருந்தார்கள். இறகு உதிர்ந்து அவள் பறக்க முடியாத காலம். புருஷன் சொக்கன்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டுவான்.

அன்று அவன் பழத்தோடு வந்தபோது மரங்கொத்தியும் ஒரு மரநாயும் கிளையில் இருந்தன.

"பொந்து காலியாக் கிடக்கு, சொக்கா. இவருக்கு ஒதுக்கியாச்சு. சாயங்காலம் பூச்சை உடைச்சிடுவேன்" என்றது மரங்கொத்தி.

"காலியா? உள்ளே என் பொண்டாட்டி, பிள்ளைங்க இருக்காங்கய்யா."

"பிள்ளைங்களுமா?" என்றது மரநாய். "சாப்பாடும் சேர்த்துன்னு முதல்லயே சொல்லலையே."

"வேணி, ஒரு குரல் கொடு" என்றான் சொக்கன்.

"இருக்கேன்" என்றாள் வேணி.

மரங்கொத்தி தலையைச் சாய்த்துக் கேட்டது. "கேக்குது, இல்லேங்கல. சிஸ்டத்துல வரலையே. ரெண்டு மாசமா ஒருத்தரும் வெளியே வரலை. சும்மா கிடக்கிற பொந்து காட்டுக்குப் பண்ற துரோகம்ப்பா."

உள்ளே வேணி எதையோ கிளறினாள். உதிர்ந்த இறகு ஒன்று கீற்று வழியாக வந்து விழுந்தது.

கீங்.

"ஒருத்தர் வெளியே போறார்" என்றது மரங்கொத்தி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. குவிந்து கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கீங், கீங், கீங்.

"அடேயப்பா, ஒரே பொந்துல இத்தனை பேரா? சார், இடமில்லை. நீங்க வேற பாருங்க."

"இறகுய்யா அது" என்றது மரநாய், மூக்கில் ஒட்டியதைத் தட்டிவிட்டு.

"உங்களுக்கு இறகு. சிஸ்டத்துக்கு ஆள்."

காட்டைக் காப்பதில் முதல் பொந்து என்று வேணியின் பொந்துக்கே பரிசு கிடைத்தது. பரிசுப் பலகைக்காகப் பக்கத்து மரத்தை வெட்டினார்கள். சேதி பரவி, அணில்களெல்லாம் வால்முடியைப் பிய்த்து வாசலில் ஊத ஆரம்பித்தன.

"ஏங்க, நாளைக்குத் தள்ள ஒண்ணும் இல்லையே" என்றாள் வேணி.

சொக்கன் மரத்தடியில் இறங்கி இறகுகளைப் பொறுக்கினான். பிறகு வழக்கம்போல ஊட்டத் தொடங்கினான்: ஒரு பழம், ஓர் இறகு.

நீதி: 'இருக்கிறேன்' என்று கத்திப் பயனில்லை, தினமும் கொஞ்சம் குப்பையை வெளியே போடுங்கள்.