கடலைக் கொடியில் காயப்போட்ட படம்

பழவேற்காடு
14-6-1956

பினாங்கில் வியாபாரமும் சுகமுமாக இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் அசன் முகைதீன் அவர்களுக்கு, தங்கை புருஷன் நூர் அகமது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் சுகம், கருவாட்டுக் கடை சுகம், நீங்கள் அனுப்பிய படமும் சுகம். உங்கள் தங்கை கமர் நிஷாவின் சுகத்தை மட்டும் எளாவூருக்கு எழுதித்தான் கேட்கவேண்டும். ஒன்பது நாளாக அவள் அங்கே பீவி ஜான் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். அசல் பாரீசில் இருக்கிறது, இது அச்சுதான் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கட்டுமே. தேக்குச் சட்டமும் கண்ணாடியுமாகக் கூடத்தில் மாட்டியதும் என் வீடு கலெக்டர் பங்களா ஆகிவிட்டது. வரைந்தவன் கடலையே துணிபோல் கொடியில் காயப்போட்டு ஓரம் சொட்டச் சொட்ட விட்டிருக்கிறான். கீழே மணலில் ஒரு மீன் கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் காத்திருக்கிறது. மச்சான், இருபது வருஷமாக நான் மீனைக் காயப்போடுகிறேன். கடலையே காயப்போடலாம் என்று ஒருநாளாவது எனக்குத் தோன்றியதா? அவன் மூளைக்கு முத்தம் கொடுக்கவேண்டும்.

சேதி பரவி ஊரே திரண்டு வந்தது. வலைக்காரர் சடையப்பன் அது மடவை என்றார், இன்னொருவர் கொடுவா என்றார், கோட்டுக்குள் செதில் தெரியாததால் வழக்கு மூன்று நாள் தீரவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் வந்தார். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "உயிருள்ளதோட உருவமாச்சே, தொழுகை நேரத்துல துணி போட்டு மூடிடுங்க" என்று சொன்னார். அப்புறம் துணி சரியாக மூடுகிறதா என்று பார்க்க இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் துணியை எடுத்துவிட்டுத்தான் பார்த்தார். வந்தவர்களுக்கெல்லாம் டீ, வடை. மனுஷன் வீட்டுக்கு வந்தால் சும்மா அனுப்ப முடியுமா, நீங்களே சொல்லுங்க.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், பகல் சோற்றின்போது கமர் நிஷா வெடித்தாள். "ஊர்ல கீற ஆம்பளைங்க அத்தினி பேரும் பாத்தாச்சி. நான் அடுப்பாண்ட டீ ஆத்திக்கினே கீறேன். இந்தப் படத்தாலதான் எனக்கு இந்த பேஜாரு!" நான் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் படத்தின்மேல் துணி போட்டபடி இருக்கிறது, ஆளைக் காணோம். பொன்னேரி ரயிலடிக்கு அவளை மாட்டுவண்டியில் கொண்டுபோய் விட்ட மோசஸ்தான் சொன்னான்: "அக்கா ஒரு பெரிய மூட்டைய மடிமேலயே வெச்சிக்கினு வந்துச்சி நைனா, வண்டியில வெக்கவே உடல." தலைகாணியாக இருக்கும். அவளுக்கு வேறு தலைகாணியில் தூக்கம் வராது.

அன்றிலிருந்து நான் அந்தத் துணியைத் தூக்கவில்லை, மச்சான். அவ வந்தாத்தான் தூக்குவேன்னு வைராக்கியம். தினம் அதுக்கு எதிர்ல குந்திக்கினு பெருமூச்சு விடறேன். நானே சோறு வடிக்கிறேன், வாய்க்கு வாய் கல்லு. முறத்தை எங்க வச்சாளோ, வீடு பூரா தேடியும் கிடைக்கல. இனி தாங்காது. படம் மேல எனக்கு உசிருதான். ஆனா அவ இல்லாத கூடத்துல அது என்னத்துக்கு? அடுத்த கப்பலில் வரும் ஷஃபியுல்லாவிடம் திருப்பி அனுப்புகிறேன், கோபிக்கவேண்டாம். "படம் போயாச்சு, வீட்டுக்குப் போ" என்று உங்கள் கையால் தங்கைக்கு நாலு வரி எழுதுங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

உங்கள் கடையில் பரக்கத் பெருகட்டும், மாமிக்கு முட்டுவலி குறையட்டும், பிள்ளைகள் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும் என்று துஆ செய்யும்,
நூர் அகமது

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். தங்கைக்கு நாலு வரியும் எழுதவேண்டாம். சாக்கில் கட்டுவதற்காக இப்போதுதான் துணியைத் தூக்கினேன். ஆணியில் முறம் தொங்குகிறது. ஒன்பது நாளும் முறத்தைப் பார்த்துத்தான் பெருமூச்சு விட்டிருக்கிறேன். அவள் மடிமேல் வைத்துக்கொண்டு போனது தலைகாணி இல்லை. அவ கோபம் படத்துமேல இல்ல மச்சான், பார்க்க விடாத என்மேல. இன்றைக்கே எளாவூர் புறப்படுகிறேன். டீத்தூள் பொட்டலம் எடுத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்து பார்க்கட்டும், டீ நான் போடுகிறேன்.