ஒத்திகைக்கு ஒரு மோதிரம்

"சிவப்பு ஒயினா? என் புத்தகங்களுக்கு நடுவுலயா?" என்றார் திருமதி ஹலாஸ்.

புடாபெஸ்டின் அந்தப் பழைய நூலகத்துக்கு அவர்தான் இயக்குநர். அங்கே கல்யாணம் நடத்த அனுமதி கேட்டு எதிரே நின்றாள் இல்கா. அவளுடைய கல்யாணம் பதிவு அலுவலகத்தில், இரவல் கோட்டில், கையெழுத்தோடு முடிந்துபோனது. மகள் நோயெமியாவது யூத முறைப்படி, ஓவியம் தீட்டிய இந்த நூலகக் கூரையின் கீழ், மகாராணி மாதிரி நிற்கவேண்டும்.

"வெள்ளை ஒயின் வெச்சுக்கறோம்மா."

"பந்தல்னு சொன்னீங்களே?"

"நாலு கம்பு, மேல ஒரு துணி. அவ்வளவுதான்."

"கம்பு சரவிளக்குல இடிக்கும்."

"வெட்டிடறோம்."

"கடைசியில மாப்பிள்ளை கண்ணாடி டம்ளரை மிதிச்சு உடைப்பாராமே? பக்கத்து அறையில ஆளுங்க படிக்கிறாங்க."

"துண்டுல சுத்திடறோம்."

"வாய்வார்த்தையை நம்பமாட்டேன். ஒருதடவை முழுசா நடத்திக் காட்டுங்க. அப்புறம் அனுமதி."

ஒத்திகைக்கு வந்தார்கள். கல்யாணம் நடத்திவைக்கும் யூத குருவான ரபிக்குக் காய்ச்சல் என்பதால், ஜெபக்கூடத்துப் பணியாளர் பெர்கர் வந்தார். பந்தலைத் தூக்கிக்கொண்டு தையற்காரர் லோவி வந்தார். கம்பை அவர் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டார். மாப்பிள்ளை ஆகோஷ் பனைமர உயரம். துணி அவன் தலையில் முக்காடாக உட்கார்ந்தது.

"மாப்பிள்ளை, முட்டியை மடக்கிக்கோங்க."

"மடக்கித்தான் நிக்கறேன் அத்தை."

திருமதி ஹலாஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இல்கா பயந்துபோனாள். "எதையும் விட்டுடாதீங்க, மறைக்கிறோம்னு நினைச்சுப்பாங்க. நிஜ மோதிரத்தையே போடுங்க" என்று கிசுகிசுத்தாள்.

ஆகோஷ் மோதிரத்தை எடுத்தான். பெர்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உஷ். நூலகம்" என்று இல்கா அடக்கிவிட்டாள்.

'மோசேயின் முறைப்படி இந்த மோதிரத்தால் நீ எனக்கு உரியவள்' என்பதை எபிரேயத்தில் எழுத்துப் பிசகாமல் சொல்லி, நோயெமியின் விரலில் போட்டான் ஆகோஷ். அவள் காது வரை சிவந்தாள்.

அடுத்தது டம்ளர். சத்தத்துக்குப் பயந்து இல்கா மூன்று துண்டுகளைச் சுற்றியிருந்தாள். மிதித்தால் 'பொத்'தென்றது.

"உடைஞ்சுதா?"

"துண்டுதான் கிழிஞ்சுது அத்தை."

ஆகோஷ் எம்பிக் குதித்தான். பந்தல் சரிந்தது. கம்பு போய்ச் சக்கரம் வைத்த ஏணியை இடித்தது. ஏணி அலமாரி நெடுக உருண்டு, நூலகத்தை நிறுவியவரின் சிலையில் மோத, சிலையின் மூக்கு தரையில் விழுந்து நொறுங்கியது.

ஏதோ உடைந்த சத்தம் கேட்டதும், கல்யாணத்தில் டம்ளர் உடைந்ததும் வாழ்த்தும் பழக்கதோஷத்தில் எல்லோரும் "மசல் தோவ்", நல்லதே நடக்கட்டும், என்று மெல்ல வாழ்த்திவிட்டார்கள்.

"இங்க கல்யாணம் நடக்காது" என்றார் திருமதி ஹலாஸ்.

இல்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நோயெமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்லம்மா. நானும் உன்னை மாதிரி பதிவு அலுவலகத்துலயே பண்ணிக்கறேன்."

அதைக் கேட்டபிறகுதான் இல்காவுக்கு அழுகை வந்தது.

பெர்கர் தொண்டையைச் செருமினார்.

"எதுக்கும்மா அழறே? மாப்பிள்ளை தன் சொந்த மோதிரத்தைப் போட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லியாச்சு, சாட்சிக்கு நானும் லோவியும் நின்னாச்சு. நம்ம முறைப்படி கல்யாணத்துக்கு அது போதும், ரபிகூட வேண்டாம். அந்தம்மா தடுக்கறதுக்குள்ள உன் பொண்ணுக்கு இங்கயே கல்யாணம் ஆயிடுச்சு."