ஹெல்மெட் மாமா வரவே இல்லை

மதிப்புக்குரிய, என்னைவிட நான்கு வயது மூத்தவள் என்ற ஒரே காரணத்தால் உலகத்தில் எல்லாம் தெரிந்தவளான அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் யாரும் சுகமாக இல்லை. அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நான் விசாரித்ததாகச் சொல். விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது எதற்கடா கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் நடக்கிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கழுதைக் குட்டிப் படத்தின் மொழி உனக்குத் தெரியுமா, தெரியாதா? சுற்றி வளைக்காமல், தெரியும் அல்லது தெரியாது என்று உன் கைப்பட எழுதி மறு தபாலில் அனுப்பு. உன் பதிலில்தான் என் மானம், என் குடும்பம், என் சின்ன வயசு மொத்தமும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உனக்கு மறந்திருக்காது. அப்பா வீடியோ பிளேயர் வாங்கியபோது கடைக்காரர் சும்மா கொடுத்த கேசட். அட்டையில் இருந்த எழுத்து நண்டு நடந்த தடம் மாதிரி இருக்கும். படத்தில் யார் பேசுவதும் யாருக்கும் புரியாது, அப்பாவே "என்ன எழவு பாஷைடா இது" என்று எழுந்து போய்விட்டார். நீ மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறாங்க, நான் சொல்றேன் கேளு" என்றாய். நானும் கேட்டேன். அந்தக் கேசட்டில் எலிக் குடும்பம் தையல் மெஷினில் ஏறிப் பறந்த படமும், நிலாவுக்குப் போய் வீட்டு நினைப்பு வந்து திரும்பின நத்தையின் படமும் இருந்தன. ஆனால் பஞ்சு என்ற அந்தக் கழுதைக் குட்டிதான் எனக்கு உயிர். அதன் அம்மா மூட்டை சுமந்துகொண்டு தொங்குபாலத்தைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போகும், பஞ்சு பாலத்துக்கு இந்தப் பக்கம் காத்துக்கொண்டே நிற்கும். வயசான வாத்து ஒன்று கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, "அக்கா பேச்சைக் கேளு, பால் டம்ளரைக் கழுவி வை, கிரீம் பிஸ்கட்ல பாதி அக்காவுக்குக் குடு, உன் அம்மா சீக்கிரம் வந்துடும்" என்று பஞ்சுவுக்குப் புத்தி சொல்லும். கழுதைக் குட்டிக்கு எதற்குக் கிரீம் பிஸ்கட் என்று ஒரு நாளாவது நான் கேட்டேனா? கேட்கவில்லை. கொடுத்தேன்.

கடைசியில் மழை கொட்டும், பாலம் ஆடும், பஞ்சு கத்தும், 'டப்' என்று ஒரு சத்தம் வரும், மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் சிவப்பு சிலிண்டரோடு வந்து நின்று நெருப்பை அணைப்பார். "பாத்தியா, ஹெல்மெட் மாமா வந்துட்டார், இனிமே கவலையில்ல" என்பாய். புகைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ அசையும். "அதோ அம்மாக் கழுதை!" என்பாய். நான் கை தட்டுவேன். மழைக்கு நடுவில் எப்படி நெருப்புப் பிடிக்கும், கார்ட்டூனுக்குள் எப்படி நிஜ மனுஷன் வருவான் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அது அப்பாவின் தொழிற்சாலையில் நடந்த தீயணைப்புப் பயிற்சி என்பதும், அங்கே யாரோ எடுத்த வீடியோவை அப்பா கையில் கிடைத்த நம் கேசட்டின் கடைசியில் பதிய வைத்துவிட்டார் என்பதும் போன வாரம்தான் என் மண்டையில் உறைத்தது. புகைக்குப் பின்னால் சாம்பல் நிற யூனிபார்மில் நின்றது அம்மாக் கழுதை இல்லை, அக்கா. அது நம்ம அப்பா. பெற்ற தகப்பனைக் கழுதை என்று நம்பி இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.

இப்போது என் வீட்டு நிலைமையைச் சொல்கிறேன். நீயே 'வாலு' என்று பெயர் வைத்த என் மகள் வாலையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டாள். அவள் அம்மா ஆற்றின் குறுக்கே தொங்குபாலம் கட்டும் இடத்துக்கு இன்ஜினியராகப் போனதிலிருந்து, மாலையானால் ஜன்னலில் போய் நின்றுகொள்கிறாள். "அம்மா எப்பப்பா வருவாங்க?" என்பாள். "இதோ வந்துட்டே இருக்காங்கம்மா" என்பேன். "அது நீ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்குச் சொல்றதுப்பா" என்றாள் ஒரு நாள். லிஃப்ட் மெக்கானிக் வாயில் வேறென்ன வரும்? உள்ளே மாட்டிக்கொண்டவர் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார், நான் பாதி ஊர் தாண்டி டிராபிக்கில் நின்றுகொண்டு, இதோ வந்துட்டேன் சார் என்பேன். இந்தச் சனிக்கிழமை அம்மா நிச்சயம் வருவாள் என்று முடிவாகியிருந்தது. அதுவரைக்கும் குழந்தையைத் தேற்ற வேண்டுமே என்று டிவியில் தேடினேன். நம் கழுதைக் குட்டிப் படம் இருந்தது! புதுசாகத் துடைத்துச் சுத்தம் பண்ணி, அதுவும் தமிழில் பேச வைத்து!

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாலுவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பெரிதாக ஆரம்பித்தேன். இப்போது வருவதெல்லாம் ஒரு படமா, கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு கட்டடம் இடிகிறது, எங்க காலத்துப் படத்தில் ஒரு மேகம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அதிலிருந்த அன்பென்ன பண்பென்ன என்றெல்லாம் அளந்தேன். "கடைசியில அம்மா வந்துடுமாப்பா?" என்றாள். "சத்தியமா வரும். ஹெல்மெட் மாமா கூட்டிட்டு வருவார். அத்தைக்கு அந்த பாஷையே தெரியும், கேட்டுப் பாரு" என்றேன். என் வாயாலேயே நான் கெட்டேன்.

படம் ஆரம்பித்தது. பஞ்சுவின் பெயர் பஞ்சு இல்லையாம், ஏதோ வாயில் நுழையாத பெயர். சரி போகட்டும் என்றால், கண்ணாடி போட்ட வாத்து வந்தது. அக்கா, அந்த வாத்து திருடன். நல்லவன் மாதிரி பேசி அம்மாக் கழுதையை மூட்டைக்காரர்களுக்கு விற்றதே அதுதான். உன் புத்திமதி அத்தனையையும் போயும் போயும் ஒரு அயோக்கியன் வாயிலா வைத்தாய்? வாலுவைத் தொட்டிலில் போட்ட நாளிலிருந்து இந்தப் படத்து மெட்டில் நான் பாடித் தூங்க வைத்த 'பஞ்சுப் பாட்டு', கொள்ளைக்காரர்கள் குடித்துவிட்டுப் பாடுவது. "அப்பா, இது என்னோட பாட்டுப்பா" என்று வாலு என் முகத்தைப் பார்த்தாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

அப்புறம் மழை வந்தது. பாலம் ஆடியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்றேன். பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது. அம்மாக் கழுதை அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான். குட்டி வளர்ந்து, தானே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தனியாக மலைப்பாதையில் நடந்தது. முற்றும். படத்தில் வேலை செய்தவர்கள் பெயரெல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் கடைசிப் பெயர் வரைக்கும் பார்த்தோம். "ஹெல்மெட் மாமா எங்கப்பா?" என்றாள். "வருவார்மா, கொஞ்சம் லேட்டாகும்" என்றேன். "படம் முடிஞ்சிடுச்சுப்பா" என்றாள்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அடுத்தது கேள். மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாலு என் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவளோ கை நிறைய வரைபடத்தோடு, பாலத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போட வந்த அதிகாரிகளுக்கு நடுவில் நிற்கிறாள். கை ஒழியாததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்திருக்கிறாள். அதில் வாலு, "அம்மா, பாலத்து மேல ஏறாத! அது அறுந்துடும்! அப்பாவுக்குத் தெரியும், அப்பா எனக்குக் காட்டினாரு!" என்று கத்தியிருக்கிறாள். பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?" என்று கேட்டாராம். பொய் சொல்லத் தெரியாத என் மனைவி, "லிஃப்ட் மெக்கானிக் சார். இரும்புக் கயிறு தேயுதா, இத்துப்போகுதான்னு பாப்பாரு" என்றாளாம். தொங்குபாலம் அக்கா! முழுக்க இரும்புக் கயிறு! "இரும்புக் கயிறு பாக்கறவரே சொல்லியிருக்காரா" என்று கேட்டுவிட்டு, ஒரு கயிறு விடாமல், ஒரு போல்ட் விடாமல் மறுபடி சோதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

சனிக்கிழமை லீவு போச்சு. "என்னங்க, ஒரு கழுதைப் படத்தைப் பாத்துட்டா என் பாலத்துக்கு வேட்டு வச்சீங்க?" என்று அவள் என்னைக் கேட்டாள். "நான் வரலன்னு நீங்களே உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். சொன்னேன். வாலு அழுதிருந்தாலாவது பரவாயில்லை. அழவில்லை. உள்ளே போய்த் தன் ஸ்கூல் பையிலிருந்த புத்தகத்தையெல்லாம் கொட்டிவிட்டு, அம்மாவின் ஒரு சட்டை, டார்ச் லைட், ஒரு பாக்கெட் பிஸ்கட் எல்லாம் வைத்து மூடி, முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "குட்டி தனியாத்தானேப்பா போச்சு. நானும் தனியாவே போறேன்" என்றாள். அன்றிலிருந்து வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறேன். சாப்பிடும்போதுகூடப் பையைக் கழற்றமாட்டேன் என்கிறாள். ஒரு வாய்க்கு மேல் சாப்பிடுவதும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

நேற்று நானே அந்த முடிவைச் சொல்லிப் பார்த்தேன். ஹெல்மெட், சிலிண்டர், புகை, எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். "நீ பொய் சொல்றப்பா. உனக்கு அந்த பாஷை தெரியாது. அத்தைக்குத்தான் தெரியும்" என்றாள்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று தட்டுகிறது. நாம் அந்தப் படத்தைத் தினம் பார்த்தது எப்போது? அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில்தானே? அப்பா வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார், வீட்டில் நாம் இரண்டு பேர்தான். எனக்கு ஏழு வயசு. நீ சொன்னாய், அம்மா வந்துடும் என்று, அதனால் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், டம்ளரையும் கழுவினேன். உனக்கு யார் சொன்னார்கள் அக்கா? உனக்கும் பதினொன்றுதானே? அம்மா பிழைத்து வந்தது நம் அதிர்ஷ்டம். வருவாளென்று அன்றைக்கு உனக்கு எப்படித் தெரியும்? என்னைக் கை தட்ட வைத்துவிட்டு நீ என்ன நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாய்? இதை நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கிரீம் பிஸ்கட் போனால் போகிறது.

ஆனாலும் என் கேள்வி கேள்விதான். தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் நாலு வரியில் ஒப்புக்கொண்டு எழுது, நான் என் சின்ன வயசைத் தலைமுழுகிவிடுகிறேன். தெரியும் என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து உன் மருமகளிடம் நீயே சொல். மூன்று மாடி ஏற வேண்டியிருக்கும், இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று நீ சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, தாங்களே உண்மையில் ஒரு வெளிநாட்டு மொழி கற்று, பல்லாண்டு வாழட்டும். உனக்கென்று இப்போதைக்கு என்னிடம் வாழ்த்து எதுவும் மிச்சமில்லை.

இப்படிக்கு,
உன்னை நம்பிய ஒரே பாவி,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாலுவின் அம்மா! அந்த அதிகாரி தன் ஆட்களை வைத்தே எல்லாவற்றையும் சோதிக்கிறாராம், அது முடியும்வரை பாலம் கட்டினவர்கள் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாதாம், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டாராம். கம்பெனி லாரியில் வந்து இறங்கி, இரண்டு கையிலும் பை, வேலை செய்யும் இடத்து மஞ்சள் ஹெல்மெட்டை வைக்க இடமில்லாமல் தலையிலேயே மாட்டிக்கொண்டு, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கிறாள். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த வாலு, "ஹெல்மெட் மாமா வந்துட்டாரு!" என்று அலறினாள். அப்புறம் எட்டி ஹெல்மெட்டுக்குக் கீழே பார்த்தாள். "அப்பா, ஹெல்மெட் மாமாவே அம்மாதான்ப்பா! அத்தை அதைச் சொல்லவே இல்ல!" என்றாள். இப்போது பையைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா மடியில் உட்கார்ந்து அந்தப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கிறாள். பாதியை அம்மாவுக்குக் கொடுத்தாள். அந்தத் திருட்டு வாத்து கடைசியில் என்ன ஆச்சு, திருந்திச்சா இல்லையா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொல்கிறாள். நிதானமாக யோசித்து எழுது, அவசரமில்லை. மேலே நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் போட்டுவிடாதே. அந்த மொழி நம் வீட்டில் உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.