சவுண்ட்பொக்ஸ் வாங்கப் போன வீடு

நான் அதிகம் பேசாதவள். பேசாதவர்கள் பிழையாகப் பேசுவதில்லை என்றொரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் உண்டு. அதை நம்ப வேண்டாம். நாள் முழுவதும் சேமித்து வைத்திருந்த ஒரே வாக்கியத்தை, அதைச் சொல்லவே கூடாத வீட்டில், எல்லோரும் கேட்கத் தெளிவான உச்சரிப்புடன் சொன்னவள் நான். அதுவும் ஒருமுறை அல்ல. (ஒருமுறை என்றால் வாய் தவறிற்று என்று விட்டிருப்பார்கள்.)

அம்மா இறந்த பின்னர், மீசாலையில் உள்ள எங்கள் வீடு செத்தவீடாகவே தொடர்ந்தது. ஆண்டுத் திவசம் முடியும்வரை பாட்டும் பண்டிகையும் இல்லை என்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். அப்பா அதற்கு மேலும் ஒருபடி சென்று, வானொலிச் செய்தியையும் நிறுத்தினார். பிறகு தம் பேச்சையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார். பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பதற்காக நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வார இறுதியில் வீட்டுக்குப் போனால், அப்பாவும் அண்ணனும் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து, தத்தம் சோற்றை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது ஊமையாக நானும் போய் அமர்வேன்.

அம்மா விட்டுச் சென்றவற்றுள் ஓர் இசைத்தட்டு இருந்தது. கிராமபோனில் மட்டுமே ஓடக்கூடிய பழைய, பாரமான தட்டு. நடுவில் ஒட்டியிருந்த தாளைப் பூச்சி தின்றுவிட்டதால், பாடியவர் யார் என்பதற்கு அம்மாவின் வாய்மொழி ஒன்றே சான்று. பாடியவர் அம்மாவின் பெரிய மாமா. அப்பாவுடன் எந்தப் பிணக்கு வந்தாலும், அது கறிக்கு உப்புக் கூடிய பிணக்காக இருந்தாலும், "எங்கடை ஆக்கள் தட்டிலை பாடின ஆக்கள்" என்ற ஒரு வசனத்தால் அம்மா வழக்கை முடித்துவிடுவார். இடம்பெயர்ந்து போனபோது அந்தத் தட்டை இரண்டு சுளகுகளுக்கு நடுவே வைத்துக் கட்டிச் சுமந்தவரும் அவரே. ஆனால், அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் கருவி இருந்ததில்லை. அம்மா உட்பட எங்களில் ஒருவரும் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை.

திவசத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டில் எழும் முதல் ஒலி அந்தப் பாட்டாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அதைக் கேட்டால் அப்பா ஏதேனும் சொல்வார். என்ன சொல்வார் என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏசினாலும் போதும் என்ற நிலைக்கு நான் வந்திருந்தேன்.

நல்லூரில் ஒரு பழஞ்சாமான் கடை. கடைக்காரர் கிராமபோனின் மேல் கையை வைத்து, "எல்லாம் ஒரிஜினல் தங்கச்சி" என்றார். ஏடுகளை ஒப்பிட்டு இடைச்செருகலைக் கண்டுபிடிக்கும் பாடத்தில் நல்ல புள்ளிகள் பெற்றவள் என்பதால், அந்தக் கருவியையும் ஒரு பழைய ஏட்டைப் போலவே ஆராய்ந்தேன். பெட்டி பழையது. உள்ளே இருந்த வில்சுருளும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈயக் குண்டுகளும் பழையவை. பளபளத்த பித்தளைப் புனல் ஐயத்துக்கு இடமற்ற இடைச்செருகல். விலைச்சீட்டு ஒட்டிய பசை அதில் இன்னும் காயவில்லை. சவுண்ட்பொக்ஸோ கிடைக்காத பகுதி. ஊசியைப் பிடித்துக்கொண்டு, அதன் அதிர்வை ஒலியாக்கும் உள்ளங்கை அளவான வட்டப் பொருள் அது. அது இல்லாவிட்டால் கிராமபோன் ஓர் அலங்கார மேசை. கடைக்காரர் புதிதாகச் செய்யப்பட்ட ஒன்றைத் தரலாம் என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். அம்மிக் குழவி அதனைவிடப் பாரம் குறைவாக இருந்திருக்கும்.

பெட்டியை மட்டும் நம்பி வாங்கினேன். பழைய சவுண்ட்பொக்ஸ் வைத்திருக்கும் ஒருவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கடைக்காரரே தந்தார். புத்தூரில் இருந்த ஓர் ஐயா. நான் பேசிய மனிதர்களுள் என் பேச்சை மெச்சியவர் அவர் ஒருவரே. ஏனெனில் சவுண்ட்பொக்ஸ் மாட்டும் குழாயின் விட்டம் என்ன என்று அவர் கேட்டார், நான் மில்லிமீற்றரில் சொன்னேன். புதியதைப் பற்றிக் கேட்டபோது, "உதைக் கொழுவினால் தட்டை உழுதுபோடும் பிள்ளை. ஒரு தட்டுத்தான் இருக்கெண்டால் தொடவே தொடாதையும்" என்றார். வருகிற வியாழக்கிழமை வரச் சொன்னார். அந்த வளைந்த குழாயையும் கழற்றிக் கொண்டுவரும்படியும், கொழுவி, பொருந்துகிறதா என்று பார்த்தே எடுக்கலாம் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை, குழாயைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு புத்தூரில் பஸ்ஸால் இறங்கினேன். அவர் சொன்ன அடையாளங்கள் ஒன்றும் பிசகவில்லை. வீட்டு வாசற்படலையில் ஓர் அடையாளம் மட்டும் மேலதிகமாக இருந்தது: கண்ணீர் அஞ்சலிப் பதாகை. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவரின் பெயர் என் தொலைபேசியில் இருந்த அதே பெயர். நான் போனதற்கு முதல் நாளே தகனமும் முடிந்திருந்தது.

திரும்பியிருக்கலாம். திரும்புவது முறையா, உள்ளே போய்த் துக்கம் விசாரிப்பது முறையா என்று நான் நிதானமாக ஆராய்ந்துகொண்டு நின்றேன். அந்த ஆராய்ச்சியை உள்ளே இருந்த பெண்கள் வேறு விதமாக விளங்கிக்கொண்டார்கள். துக்கம் தாளாமல் படலையிலேயே நின்றுவிட்ட ஒரு பெண்ணைக் கண்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? இருவர் வந்து கட்டிப்பிடித்துக் குரலெடுத்து அழுதார்கள். எங்கள் மூவருக்கும் நடுவே கிராமபோன் குழாய் இருந்தது. அது என் விலாவில் குத்தியதால் என் கண்களும் கலங்கின. (உண்மையில் அது மட்டும் காரணமல்ல. ஓராண்டுக்கு முன்னர் இதே போல என்னைக் கட்டிப்பிடித்தவர்களின் நினைவும் வந்தது.)

இறந்தவரின் தமக்கை நாற்காலியில் இருந்தபடியே விசாரணையைத் தொடங்கினார். "நீ ஆற்றை பிள்ளை?"

அப்பாவின் பெயரையும் ஊரையும் சொன்னேன்.

"மீசாலையோ? அப்ப எங்கடை சின்னத்தங்கத்தின்ரை பகுதி" என்று என்னை உறவுக்குள் சேர்த்துவிட்டு, ஒழுங்காக இருந்து அழும்படி பாயைக் காட்டினார். சின்னத்தங்கம் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுத்துச் சொல்ல ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்தேன். அதில் எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக அமைந்தபோது அடுத்த கூட்டம் அழுதுகொண்டு வந்துவிட்டது.

இறந்தவரின் மனைவிக்கு அருகில் என்னை இருத்தினார்கள். அவர் அழவில்லை, பேசவுமில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பாவிடம் நான் ஓராண்டாகக் காணும் பார்வை அது. அந்த முகத்தின் முன்னால் சவுண்ட்பொக்ஸ் என்ற சொல்லை எப்படி உச்சரிப்பது? அது இல்லாமலே போய்விடுவது என்று முடிவுசெய்து எழுந்தேன். பிறர் வீட்டை விட்டுப் போகும்போது எப்படிப் போக வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாரோ, அப்படியே அவர் முன் குனிந்து, மிகுந்த பணிவுடன் சொன்னேன்:

"அப்ப நான் போயிட்டு வாறன்."

அழுகை நின்றது. தேநீர் கொண்டுவந்தவர் நடுவழியில் நின்றார். செத்தவீட்டில் எவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. போய் மறுபடி வருவதென்றால் மறுபடியும் ஒரு சாவுக்கு வருவதென்று பொருள். இது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டிலிருந்து எல்லோரும் அப்படிச் சொல்லாமல் நழுவியதைப் பார்த்தவள்தான். ஆனால், நான் புறப்பட்டது செத்தவீட்டுக்கு அல்லவே, சாமான் வாங்க அல்லவா? கால் செத்தவீட்டுக்குள் வந்துவிட்டது. நாக்கு இன்னும் கடையிலேயே நின்றது.

"ஏன் நீ திரும்பி வரவேணும்?" என்று தமக்கையார் கேட்டார்.

கேள்வி நேரானது. நேரான கேள்விக்கு நேரான விடை கூறுவது என் இயல்பு. "கிராமபோன் சவுண்ட்பொக்ஸ் ஒண்டு வாங்க வந்தனான்" என்றேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். "மில்லிமீற்றர் சொன்ன பிள்ளையோ?" என்றார். பிறகு தமக்கையாரிடம் சொன்னார்: "அலுமாரியிலை கிடக்கு மச்சாள். இந்தப் பிள்ளை வருமெண்டு புதன்கிழமைக்குள்ளை துடைச்சு வைக்கவேணுமெண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். திங்களே துடைச்சுப்போட்டார்."

தமக்கையார் எழுந்து போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "கொண்டு போ. இதைச் சாட்டி இந்தப் படலைக்குத் திரும்ப வராதை."

நான் அத்துடன் நடந்திருக்க வேண்டும். ஆனால் கொழுவிப் பார்த்தே எடுக்க வேண்டும் என்பது ஐயாவின் சொல். பையிலிருந்து குழாயை எடுத்து, அத்தனை பேர் நடுவில் கொழுவினேன். மயிரிழையும் பிசகாமல் பொருந்தியது. அந்த வீட்டில் அன்று சிரித்த ஒரே முகம் என்னுடையது. நன்றி மிகுந்த நெஞ்சத்தோடு, தமக்கையாரைப் பார்த்து மறுபடியும் சொன்னேன்:

"அப்ப நான் போயிட்டு வாறன், மாமி."

தமக்கையார் நாற்காலியில் மெல்ல அமர்ந்து, "இவளுக்கு இன்னும் ஆரைத்தான் வேணுமாம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஐயாவின் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அவரையும் அழவைத்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு ஓடிவந்தேன்.

விலையைக் கொடுக்கப் பின்னர் அண்ணனைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்தவனை ஐயாவின் மனைவி நிறுத்தி, "வாறன் வாறன் எண்டு சொன்ன பிள்ளை சுகமோ?" என்று கேட்டாராம். கேட்கும்போது முகத்தில் சிரிப்பு இருந்ததாம். அந்தத் தோள்களை நான் பிழையாக வாசித்திருக்கிறேன்.

திவசம் முடிந்த மறுநாள் காலை, கூடத்தில் கிராமபோனை வைத்தேன். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. சாவி கொடுத்து, புது ஊசி பூட்டி, அம்மாவின் தட்டைச் சுழலவிட்டேன். மழை பெய்வது போன்ற இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து, சன்னமான, மிக இனிமையான ஒரு பெண் குரல் பாடத் தொடங்கியது.

பெண் குரல்தான். ஐயமே இல்லை. தட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கினேன்.

"கொம்மாவின்ரை மாமாவுக்கு நல்ல குரல்" என்றார் அப்பா.

பிறகு சிரித்தார். அண்ணன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவரும் அளவுக்குச் சிரித்தார். "இவ்வளவு காலமும் இதைச் சொல்லியெல்லோ என்னை வெண்டவள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை இன்னொருமுறை போடச் சொன்னார். சவுண்ட்பொக்ஸ் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். மீண்டும் தண்ணீர் தேவைப்பட்டது.

அன்றிலிருந்து, எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் அந்த வசனம் என் வாயில் வருவதில்லை. கலியாண வீட்டிலிருந்தும் செத்தவீட்டிலிருந்து போவது போலவே நழுவிவிடுகிறேன். எனக்குக் கெப்பர், அதாவது தலைக்கனம், பிடித்துவிட்டது என்று உறவினர் சொல்கிறார்கள். ஞாயிறு மாலைகளில் திருநெல்வேலிக்குப் புறப்படும்போது, அண்ணன் படலையில் நின்று, "சத்தம் போடாமல் போ. அப்பாவுக்கும் வயசு போகுது" என்பான்.

அப்பா உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பார்:

"சொல்லிப்போட்டுப் போ பிள்ளை. இது செத்தவீடில்லை."