பிரவீனாவின் வயிற்றுவலியும் ஆறாவது ஏனும்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் மாதேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் ராஜேஷ்குமார் வணக்கத்துடன் எழுதுவது. தொரப்பள்ளியில் நீங்களும் அக்காவும் மாடு கன்றும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சௌமியா சுகம், பிரவீனா இப்போது சுகம், என் மானம் மட்டும் படுத்த படுக்கையாக இருக்கிறது. பதினோரு முறை கூப்பிட்டும் நீங்கள் போனை எடுக்காததால், லீவ் லெட்டரோடு விட்டுப்போன கடிதம் எழுதும் பழக்கத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன்.

உங்கள் கோபம் நியாயம்தான், ஆனாலும் நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் முழுக்க பிரவீனா காலையில் எழுந்ததும் தொப்புளைப் பிடித்துக்கொண்டு "வலிக்குதுப்பா" என்று சுருண்டு உட்கார்ந்தாள். ஆறு வயசுப் பிள்ளைக்குச் சரியாக ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் வலித்தால் என்ன நினைப்பது, நடிப்பு என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் வலித்தது. சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், ஓமத் தண்ணி கொடுத்தேன், அது அப்படியே என் யூனிஃபார்ம் மேல் திரும்பி வந்தது. ஆனேக்கல்லில் இருந்து வந்திருக்கும் பக்கத்து வீட்டு சாந்தம்மா எட்டிப் பார்த்து, "ஹொட்டேலி ஹுளு இதே, வயித்துல பூச்சிதான் சார்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். "எங்க வீட்ல எப்படிங்க பூச்சி வரும், நான் குவாலிட்டி டிபார்ட்மென்ட்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கம்பெனியில் ஒரு பீஸ் கெட்டுப்போனால் அஞ்சு தடவை 'ஏன்' கேட்டு மூல காரணத்தைப் பிடிப்போம். அந்த ஃபாரத்தை வீட்டுக்கே கொண்டுவந்து நிரப்பினேன். ஏன் வயிறு வலிக்கிறது? எதையோ தின்றதால். எதை, ஏன் தின்றாள்? கேரட், அவளுக்குப் பிடிக்கும். ஏன் கேரட் கிடைத்தது? லீவில் மாமா தோட்டத்தில் பிடுங்கித் தந்தார். ஏன் மண்ணோடு தின்றாள்? மாமா லுங்கியில் துடைத்துக் கொடுத்திருப்பார். ஏன்? மாமாவுக்கு சிஸ்டம் கிடையாது. கீழே கையெழுத்தும் போட்டேன். அன்னிக்கே உங்களுக்குப் போன் பண்ணி, "உங்க தோட்டத்து மண்ண எம் பொண்ணு வயித்துல போட்டுட்டீங்க, இனி அங்க அனுப்ப மாட்டேன்"னு கத்துனேன். நீங்க கத்தல. "அப்ப எம் மடியும் மண்ணு மடிதான். காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்கங்க மாப்ள"ன்னு வச்சிட்டீங்க.

மறுநாள் பிள்ளை வெளுத்துப்போய்த் துவண்டுட்டா. வண்டில முன்னாடி உக்கார வச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா வயித்த அமுக்கிப் பாத்து, டெஸ்ட் எடுத்துட்டு, "நாக்குப்பூச்சி. ஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுத்த அன்னிக்கு இவ போடலையா?"ன்னாங்க. மச்சான், "எங்கள் இல்லம் சுத்தமானது, என் மகளுக்கு மாத்திரை தேவையில்லை"ன்னு அன்னிக்கு எழுதி அனுப்புனதே நான்தான். சௌமியா என்னையே பாத்தா. மாத்திரைய மென்னு தின்ன மூணாம் நாள் ஒண்ணு வெளிய வந்துச்சு, ஒரு சாண் இருக்கும். பிரவீனா அதப் பாத்துட்டு, "இதுக்குப் பேரு வைக்கலாமாப்பா?"ங்கறா. அவ சிரிக்கிறா, நான் பாத்ரூம் வாசல்ல நின்னு அழுதேன். ஒரு மாசமா வலிக்குதுன்னு சொன்ன பிள்ளைய நடிக்கிறான்னு சொல்லிட்டேனேன்னுதான் மச்சான் அழுகை வந்துச்சு.

தள்ளித் தள்ளிப் போன காதுகுத்து வர்ற வெள்ளிக்கிழமை காலைல பத்தரைக்கு. என் தம்பி மடில உக்காரச் சொன்னா, "மாதேஸ் மாமா மடி இல்லாட்டி காதக் குடுக்க மாட்டேன்"னு ரெண்டு காதையும் பொத்திக்கிறா. நான் பேசுனது அதிகம்தான். இருந்தாலும் கேரட் விஷயத்துல உங்க பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்கறதால, ஆளுக்குப் பாதின்னு வச்சிக்கிட்டுக் கிளம்பி வந்துடுங்க.

அக்காவுக்கு என் வணக்கம். எங்களுக்கு உங்க ஆசீர்வாதம் வேணும், அதத் தபால்ல அனுப்பாம நேர்ல கொண்டு வாங்க.

இப்படிக்கு,
உங்கள் மாப்ள
ராஜேஷ்குமார்

பி.கு.: கவர ஒட்டறதுக்கு முன்னாடி சௌமியா வாங்கிப் படிச்சா. "இத்தன ஏன் கேட்டீங்களே, புள்ளகிட்ட ஒண்ணாச்சும் கேட்டீங்களா?"ன்னா. கேட்டேன். "மாமா மோட்டார் தண்ணில ரெண்டு வாட்டி கழுவி, தோலு சீவித்தான்ப்பா குடுக்கும். நீதான் டூட்டி முடிஞ்சி சந்தைல வாங்கிட்டு வந்து பேன்ட்ல தொடச்சிக் குடுப்ப"ன்னா. கொடில தொங்குன பேன்ட்டப் பாத்தேன். தொடை கிட்ட செம்மண் கறை, கேரட் நீளத்துக்கு. மேல 'ஆளுக்குப் பாதி'ன்னு எழுதுனத அடிச்சிடுங்க, மொத்தமும் என்னுது. பூச்சி மாத்திரை வீட்ல எல்லாருக்கும் குடுத்திருக்காங்க, நானும் மென்னு தின்னுட்டேன். வெள்ளிக்கிழமை அந்த மண்ணு மடியோடவே வாங்க மச்சான். பிள்ளை இன்னும் காதுலருந்து கைய எடுக்கல.