கிடா தந்த உத்தரவு

நூல் படித்தவன் ஆபத்தானவன். நான்கு நூல்கள் மட்டும் படித்தவன் பேராபத்தானவன். நான் இரண்டாம் வகை. நான் படித்த நான்கும் கால்நடை வளர்ப்பு பற்றியவை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. புவனகிரியில் வாழும் என் தங்கை வளர்மதி, மகனுக்கு மஞ்சள்காமாலை தெளிந்தால் முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டிக் காது குத்துவதாக நேர்ந்துகொண்டாள். குட்டி ஒன்றை ஈராண்டுகள் தன் கையாலேயே தழை ஒடித்துப் போட்டு வளர்த்தாள். (பார்க்க ராசா மாதிரி இருக்கும்.)

"ஆத்தங்கரப் பக்கம் மேய வுடாத, அங்க அரளி மண்டிக் கெடக்குது. ஒரு புடி தழ தின்னாப் போதும், ஆடு போயிடும்" என்று வாரந்தோறும் அவளை எச்சரித்தவன் நான்.

காதுகுத்தன்று காலை, கிடாவுக்கு மாலை சூட்டும் பொறுப்பு தாய்மாமனாகிய எனக்கு வந்தது. கடையில் வாங்கிய மாலை நூலாய் மெலிந்திருந்தது. என் கௌரவத்துக்கு அது தகுமா? அதே ஆற்றங்கரைக்குச் சென்று, செவ்வரளியைத் தழையோடு ஒடித்து வந்து, முழங்கால் வரை தொங்கும் மாலை கட்டிக் கிடாவின் கழுத்தில் இட்டேன். கழுத்தில் கிடப்பது வாய்க்கும் எட்டும் என்னும் செய்தி நான்கு நூல்களிலும் இல்லை.

நண்பகலில் காது குத்தி முடிந்தது. கிடாவைச் சந்நிதி முன் நிறுத்தினர். மஞ்சள் நீர் தெளித்ததும் அது உடலைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு தந்ததாகப் பொருள். எங்கள் கிடாவோ நீர் படும் முன்பே நடுங்கியது.

"பாத்தீங்களா மச்சான், தண்ணி தெளிக்காமயே உத்தரவு குடுத்துட்டாரு!" என்றார் தங்கையின் கணவர். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். பூசாரி அரிவாளை எடுத்தார்.

அப்போதுதான் மாலையைக் கவனித்தேன். நார் மட்டுமே தொங்கியது. கிடாவின் வாயில் நுரை. பின்னால் இருநூறு பேருக்குக் கறி மசாலா அரைத்து வைத்திருந்தார்கள். வாய் திறந்தால் என் மானம் போகும். மூடிக்கொண்டால் பந்தியில் அமரும் உயிர்கள் போகும்.

"வெட்டாதீங்க! அரளி தின்னுருக்கு!" என்று அலறினேன்.

"அரளிய யாருய்யா போட்டது?" என்றார் பூசாரி.

"நான்தான்... மாலையா."

கால்நடை மருத்துவர் வருவதற்குள், கிடா வளர்மதியின் மடியில் தலை வைத்து அடங்கிவிட்டது. "தோலக்கூட உரிக்காதீங்க, ஆழமாப் பொதச்சிடுங்க" என்றார் அவர். வளர்மதி அழவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வாரா வாரம் எனக்குச் சொன்னியேண்ணா, ஒனக்கு யாருண்ணா சொல்றது?"



அரைத்த மசாலாவை வீணாக்காமல் கத்தரிக்காய்ச் சாம்பாரில் கொட்டினார்கள். "கறி வாசம் வருது, கறியத்தான் காணும்" என்று பந்தியில் ஒரு குரல் எழுந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

காது குத்தப்பட்ட பிள்ளை இன்று சென்னையில் வேலையிலிருக்கிறான். எங்கள் குடும்பத்தில் எங்கே கறி விருந்து நடந்தாலும், "மொதல்ல மாமாவுக்கு சாம்பார் வையிங்க" என்று வாளியுடன் அவனே வருகிறான். தலை நிமிராமல் வாங்கி உண்கிறேன். எனக்கென்று அதில் கறி மசாலாவும் தவறாமல் போடுகிறார்கள்.